வாரத்துக்கு ரெண்டு மாத்திரை

— புத்துநோய் இல்லைன்னு அந்த டாக்டரம்மா வாயால சொன்னாங்களா இல்லையா, அதை மட்டும் முதல்ல சொல்லு நெவேனா. மத்ததெல்லாம் அப்புறம்.

— இல்லைன்னுதான் சொன்னாங்க பெரியத்தான். மூணு தடவை கேட்டேன். மூணாவது தடவை அவங்களுக்கே எரிச்சல் வந்துடுச்சு. சாதாரணக் கட்டிதானாம். மூளைக்கு அடியில ஒரு சுரப்பி இருக்கு, அதுல வந்திருக்கு. செர்ரிப்பழம் அளவு.

— செர்ரிப்பழம். டேய் தீஹா, கேட்டியாடா? உன் மண்டைக்குள்ள செர்ரி காய்ச்சிருக்கு.

— கேட்டேன் அண்ணே.

— கேட்டேனாம். ஆஸ்பத்திரி வாசல்ல இருந்து இந்தத் துறை வரைக்கும் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டியிருக்கேன். புருஷனும் பொண்டாட்டியும் வாயே திறக்கல. சரி, ஏதோ பெருசா சொல்லிட்டாங்க போலன்னு நானும் ரேடியோவைக்கூட போடாம வந்தேன்.

— எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல பெரியத்தான். எல்லாத்தையும் எழுதி வாங்கியிருக்கேன். அதையே திரும்பத் திரும்பப் படிச்சுக்கிட்டு வந்தேன்.

— இப்ப வண்டியை அணைச்சுட்டேன். வண்டி ஏத்துற மிதவை ஆத்துக்கு அந்தக் கரையில நிக்குது. மூணு வண்டி சேராம அந்தக் கிழவன் இந்தப் பக்கம் வரமாட்டான், இங்க நிக்கிறது நம்ம வண்டி ஒண்ணுதான். நிதானமாப் படி. ஆனா எனக்குப் புரியற மாதிரி படி. நான் டிராக்டர் மெக்கானிக், உன்னை மாதிரி போஸ்ட் ஆபீஸ்ல உக்காந்து படிச்சவன் இல்ல.

— அந்தச் சுரப்பிதான் உடம்பு முழுக்க உத்தரவு போடுற இடம். இந்தக் கட்டி அங்க உக்காந்துக்கிட்டு ஒரே ஒரு ஹார்மோனை மட்டும் கொட்டித் தள்ளுது. அது ஏறினா ஆம்பளை ஹார்மோன் இறங்கிடும். டெஸ்டோஸ்டிரோன். குறைஞ்சது பத்து இருக்கணும், தீஹாவுக்கு ரெண்டரை.

— அது குறைவுன்னு நமக்குத் தெரியுமே. அதுக்குத்தானே ரெண்டு வருஷமா அல்லாடுறோம். கொட்டித் தள்ளுற இன்னொண்ணு என்ன?

— அது பால் சுரக்க வைக்கிறது.

— என்ன பால்?

— தாய்ப்பால் பெரியத்தான். புள்ள பெத்தவளுக்கு ஊறுமே, அதுக்கு உண்டானது. ஆம்பளைக்கும் துளி இருக்குமாம். தீஹாவுக்கு இருக்க வேண்டியதைவிட எண்பது மடங்கு இருக்கு.

— இரு. நான் சிரிக்கல. சத்தியமா சிரிக்கல. இது இருமல்.

— சிரிச்சுக்கோ அண்ணே. பரவாயில்ல.

— பரவாயில்லைன்னு சொல்லாதடா. சிரிக்காதேன்னு என் சட்டையைப் பிடி. அப்படிப் பிடிச்சா நான் சிரிக்கவே மாட்டேன்.

— சரி.

— பாத்தியா நெவேனா? சரிங்கிறான். கருங்கல்லுகூட வெயில் பட்டா சூடாகும். இவன் ஆக மாட்டேங்கிறான்.

— டாக்டரம்மா இன்னொண்ணும் கேட்டாங்க. காரணம் என்னன்னு பாக்காம ஆம்பளை ஹார்மோன் ஊசி போட்டது யாருன்னு.

— என் பேரைச் சொல்லிட்டியா?

— ஒரு ஜிம்காரர்னு சொன்னேன்.

— நல்லவேளை. ஆனா நெவேனா, நான் என்ன கெட்டதுக்கா கூட்டிட்டுப் போனேன்? ரத்தத்துல ஆம்பளைச் சத்து இல்லைன்னு பேப்பர் வந்துச்சு. சத்து இல்லைன்னா சத்தை ஊத்தணும். என் தொழில்ல அப்படித்தான். எண்ணெய் குறைஞ்சா எண்ணெய் ஊத்துவோம்.

— எங்க ஒழுகுதுன்னு பாக்க மாட்டீங்களா?

— பாப்போம். அதுவும் சரிதான். பாப்போம். ஆனா ஆறு வாரம் போட்டானே, தோள்பட்டை முழுக்கப் பருவைத் தவிர வேற ஒண்ணும் வரலையே. அதுக்கு முன்னாடி பன்னி விரைக் குழம்பு வெச்சுக் கொடுத்தேன். ஞாயித்துக்கிழமை தவறாம, மிளகாப்பொடி தூக்கலா போட்டு. இவனே காயடிச்சு, இவனே கொண்டாந்து கொடுத்து, நான் சமைச்சு. ஒரு கிண்ணம் முழுக்கத் தின்னுட்டு, உப்பு கம்மின்னான். அவ்வளவுதான் பலன்.

— உப்பு கம்மியாத்தான் இருந்துச்சு அண்ணே.

— அட, பேசுறான். என் குழம்பாவது பரவாயில்ல நெவேனா, உங்க சுகாதார நிலைய டாக்டர் என்ன கிழிச்சான்? மனசுதான் காரணம்னு பத்து மாசம் தூக்க மாத்திரை கொடுத்தான்.

— ஊரே அப்படித்தானே சொல்லுச்சு பெரியத்தான். நானும் நம்பினேன். பன்னிக் காய்ச்சல் வந்தப்ப முந்நூத்துச் சொச்சம் பன்னியைக் கொல்லச் சொல்லி உத்தரவு. மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர்னு தீஹாவைத்தான் அனுப்பினாங்க. பக்கத்து வீட்டு ஆளுங்க வாசல்ல நின்னு அழுறாங்க, தீஹா ஒவ்வொரு பட்டியா போய்க் கொன்னுட்டு வந்து, கையைக் கழுவிட்டு, சாப்பாடு போடுன்னு கேட்டுச்சு. அதுக்குப் பிறகுதான் இப்படி மரத்துப் போச்சுன்னு நினைச்சேன். கொன்ன பாவம் நெஞ்சுல உக்காந்துடுச்சு, மெதுவா இறங்கும்னு காத்திருந்தேன்.

— எனக்குப் பாவமா ஒண்ணும் தோணல நெவேனா. அப்பவே சொன்னேன்.

— சொன்னே. நான்தான் நம்பல.

— போன மாசம் நட்ட நடுப் பகல்ல கோயில் வாசல் தூணுல வண்டியை மோதினியே, அப்பதான்டா எனக்குச் சுரீர்னுச்சு. குடிகாரன்கூட அந்தத் தூணுல மோத மாட்டான். அது அங்க நூறு வருஷமா நிக்குது.

— பக்கத்துல தெரியறதில்ல அண்ணே. நேரா தெரியும். ரெண்டு பக்கமும் சாக்குத் திரை போட்ட மாதிரி இருக்கும்.

— கட்டி கண் நரம்பை அழுத்துதாம் பெரியத்தான். மோதினப்புறம் போய்ப் பாத்த கண் டாக்டர் மட்டும் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்கலைன்னா இன்னும் மனசு, மனசுன்னே சொல்லிக்கிட்டு இருந்திருப்போம். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா பார்வையே போயிருக்கும்னாங்க.

— சரி, அப்ப மண்டையைத் திறக்கணுமா?

— வேணாம். மாத்திரைதான். வாரத்துக்கு ரெண்டு. சாப்பாட்டோட சேத்து. முதல் மாத்திரையை இன்னிக்கே போட்டுடணும்னாங்க. என் பையிலதான் இருக்கு.

— வாரத்துக்கு ரெண்டே மாத்திரையா? இதுக்கா ரெண்டு வருஷம் நாயா அலைஞ்சோம்? எங்க, காட்டு. என்ன பேரு இது, வாயில நுழையல. தீஹா, உனக்குத் தெரியுமா இது?

— தெரியும். நாய்க்குக் கொடுக்கிறது.

— நாய்க்கா?

— பெட்டை நாய்க்கு. சினையே இல்லாம சினை பிடிச்ச மாதிரி மடி கட்டிக்கும், பால் வடியும். அப்ப பாலை வத்த வைக்க இதைத்தான் கொடுப்போம். அதுக்குச் சொட்டு மருந்தா வரும். நம்ம கோயில் சாமியாரோட நாய்க்குப் போன வருஷம்கூட கொடுத்தேன்.

— நெவேனா, நான் இப்ப சிரிக்கிறேன். என்னை மன்னிச்சிடு. சாமியார் நாயும் என் தம்பியும் ஒரே மருந்து. இருபத்திரெண்டு வருஷமா கம்பவுண்டர் உத்தியோகம், கையில இருக்கிற மருந்து தெரியலையாடா உனக்கு?

— நாயைப் பாக்கறப்ப நாயைத்தான் பாப்பேன் அண்ணே.

— சரியாப் போச்சு.

— நான் கொஞ்சம் இறங்கி நிக்கிறேன். அந்தக் கடையில மீன் பொரிக்கிறாங்க. வாங்கிட்டு வரேன். மாத்திரை போடணும்னா ஏதாச்சும் திங்கணுமே.

— தலையைத் திருப்பிப் பாத்து நட தீஹா. இடது பக்கம் சரிவா இருக்கு, கீழே தண்ணி.

— பாத்துக்கறேன்.

— ரொட்டியும் வாங்குடா. எனக்கு ரெண்டு துண்டு மீன். போயிட்டானா? போயிட்டான். நெவேனா, இப்ப உள்ளதைச் சொல்லு. அவன் எதிர்ல கேக்க வேணாம்னு இருந்தேன். இந்த மாத்திரையைத் தின்னா அவன் பழையபடி ஆயிடுவானா?

— கட்டி சுருங்கும்னாங்க. பெரும்பாலும் எல்லாருக்கும் சுருங்குமாம். கண்ணு தெளியும். ஹார்மோன் தானா ஏறும். மூணு மாசமோ ஆறு மாசமோ. அப்புறம் ஒண்ணொண்ணா திரும்பி வரும்னாங்க. பசி, பலம், ஆசை, கோபம்.

— கோபம் வருமா? சந்தேகமில்லாம வருமா?

— வரும்னாங்க. அதோட இந்த மருந்தே சில பேருக்குக் குணத்தைக் கொஞ்சம் தூக்கி விடுமாம். சூதாட்டம், கை நீட்டுறதுன்னு ஏதாச்சும் தெரிஞ்சா உடனே சொல்லச் சொன்னாங்க. அரிதுதானாம். ஏன் பெரியத்தான், கண்ணைத் துடைக்கிறீங்க?

— ஒண்ணுமில்ல. தூசு. என் தம்பி செத்துப் போயிட்டான்னே நினைச்சுட்டேன் நெவேனா. உன்கிட்ட எப்படிச் சொல்றது, நீ அவன் பொண்டாட்டி. ஆனா உண்மை அதான். செத்தவன் பக்கத்துல உக்காந்து பதிமூணு வருஷமா கஞ்சி குடிச்சுக்கிட்டு இருக்கேன்.

— பதிமூணு வருஷமா?

— அப்பா செத்துப்போன வருஷத்துல இருந்து. அந்தக் குளிர்காலம் நம்ம குடும்பத்துக் காவல் புனிதரோட திருநாள் விருந்துக்கு இவன் ஆடவே எந்திரிக்கல. அப்பா செத்த துக்கம்னு விட்டோம். அடுத்த வருஷமும் எந்திரிக்கல. அப்புறம் கேக்கறதையே விட்டுட்டோம். ஏன், நீ எப்பன்னு நினைச்சே?

— ரெண்டு வருஷம்னு. பன்னிங்களுக்கு அப்புறம்னு. ஆசை போனது மூணு வருஷம் இருக்கும். வயசாகுதுன்னு நினைச்சேன். டாக்டரம்மா கட்டியோட அளவைப் பாத்துட்டு, இது வளர பத்துப் பன்னெண்டு வருஷமாவது ஆகியிருக்கும்னாங்க. நான், இல்லைங்க, அப்பெல்லாம் நல்லாத்தான் இருந்தார்னு அவங்ககிட்ட வாதாடினேன்.

— நல்லா இருந்தானா? உனக்கு என்னம்மா தெரியும், நீ வந்து எட்டு வருஷம்தானே ஆகுது. நீ அவனை நல்லா இருந்தப்போ பாத்ததே இல்ல. எப்பேர்ப்பட்ட ஆளு தெரியுமா? எங்க சித்தப்பா பொண்ணு கல்யாணத்துல கை கோத்து வட்டமா ஆடுற கோலோ ஆட்டத்துக்கு இவன்தான் முதல் ஆளு. ரெண்டு மணி நேரம் ஆடி, அக்கார்டியன்காரன் கை ஓஞ்சு நிறுத்தினான். நிறுத்தினதுக்கு இவன் அவன் மேல நாற்காலியைத் தூக்கிப் போட்டான். ஊர் பஞ்சாயத்துத் தலைவன் தடுக்க வந்தான், அவனுக்குத் தாடை இறங்கிடுச்சு.

— தீஹாவா?

— தீஹாதான். நான் பொய் சொன்னா இந்த வண்டி இங்கேயே நின்னு போகட்டும். ஒரு தடவை கோபத்துல என் டிராக்டரைக் கொண்டுபோய் இதே ஆத்துல விட்டான். என்ன சண்டைன்னு கேட்டா ரெண்டு பேருக்கும் ஞாபகம் இல்ல. மறுநாள் வந்து என் கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுவான் பாரு, அந்த அழுகைக்கு எத்தனை டிராக்டர் வேணும்னாலும் கொடுக்கலாம். அடிச்சாலும் அவன், அழுதாலும் அவன், சிரிச்சா மூணு வீடு தள்ளிக் கேக்கும். அப்படி ஒருத்தனை யாருக்குத்தான் பிடிக்காது? அந்த வெசெலிங்கா எத்தனை தடவை ஓடிப் போய், எத்தனை தடவை அவளே திரும்பி வந்தா.

— வெசெலிங்கா யாரு?

— இவனுக்கு நிச்சயம் பண்ணியிருந்த பொண்ணு. சொல்லலையா உன்கிட்ட?

— நிச்சயம் முறிஞ்சதுன்னு சொல்லியிருக்கு. ஏன் ஓடிப் போனா?

— அது பழைய கதை. விடு.

— பெரியத்தான், ஏன் ஓடிப் போனா?

— கை வெச்சுட்டான். சின்ன வயசு. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சளைச்சவங்க இல்ல. காதுக்குப் பின்னாடி நாலு தையல். அதுக்கும் இவனே தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான், வழியெல்லாம் அழுதுக்கிட்டே. நெவேனா, ஏன் இப்படிப் பாக்கறே? ஐயோ. நான் ஒரு மடையன். உன் பழைய புருஷன் விஷயம் எனக்கு ஞாபகமே வரல.

— பரவாயில்ல.

— நீயும் பரவாயில்லைன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டியா? நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும். அவன் இப்ப நாப்பத்தாறு வயசு ஆளும்மா. அந்த வயசு வேற, இந்த வயசு வேற.

— என் பழைய ஆளுக்கு அம்பது வயசு பெரியத்தான். இன்னமும் அடிக்கிறான். இப்ப அடி வாங்குறது வேற ஒருத்தி.

— அதோ மீனோட வரான். நான் போய் அந்த மிதவைக்காரனைக் கூப்பிட்டுப் பாக்கறேன். நீ எதையும் மனசுல வெச்சுக்காதே. தீஹா, அவளுக்கு முதல்ல கொடுடா. என் பங்கைக் காகிதத்துல சுத்திக் கொடு, நடந்துக்கிட்டே தின்னுக்கறேன்.

— அண்ணன் எங்க போறார்?

— மிதவையைக் கூப்பிட. உக்காரு தீஹா.

— சூடா இருக்கு. முள்ளு பாத்துத் தின்னு.

— நீ தின்னு. தின்னுட்டு மாத்திரை போடணும்.

— சரி.

— வெசெலிங்காவை அடிச்சியா?

— அண்ணன் சொன்னாரா?

— அடிச்சியா இல்லையா?

— அடிச்சேன். ரெண்டு தடவை. மொதத் தடவை கையால. ரெண்டாவது தடவை கையில என்ன இருந்துச்சுன்னு ஞாபகம் இல்ல.

— என்கிட்ட ஏன் சொல்லல?

— நீ கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

— அடிச்சதுக்கு வருத்தப்பட்டியா?

— அப்ப ரொம்பப் பட்டேன். சாகலாம்னுகூட இருந்துச்சு. இப்ப நடந்தது ஞாபகம் இருக்கு, வருத்தம் இல்ல. வேற யாரோ செஞ்சதைக் கேள்விப்பட்ட மாதிரி இருக்கு.

— நாம முதல்ல பாத்துக்கிட்டது உனக்கு ஞாபகம் இருக்கா?

— போஸ்ட் ஆபீஸ்ல.

— உனக்குத் தடுப்பூசிப் பெட்டி வந்திருந்துச்சு. ஐஸ்ல வெக்கணும்னு மேலேயே எழுதியிருந்துச்சு. நான் பாக்காம ஜன்னலோரம் வெயில்ல வெச்சுட்டேன். நாலு நாள் கழிச்சு நீ வந்தே. ஒரு ஊர் மாட்டுக்கு உண்டான மருந்து மொத்தமும் பாழ். அடி விழப்போகுதுன்னு நின்னேன். நீ பெட்டியைத் திறந்து பாத்தே, மூடினே, இருக்கட்டும்னு சொல்லிட்டுப் போயிட்டே. அவ்வளவுதான். அன்னிக்கு வீட்டுக்குப் போய் எவ்வளவு அழுதேன்னு உனக்குத் தெரியாது. பதினோரு வருஷம் ஒருத்தன்கிட்ட, ஒரு கரண்டி கீழ விழுந்தா சுவத்தோட ஒட்டி நின்ன உடம்பு இது. இருக்கட்டும்னு சொல்ற ஆம்பளை உலகத்துல இருக்கான்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

— எனக்குக் கோபம் வரல. அதனால சொன்னேன்.

— அதைத்தான் சொல்றேன் தீஹா. உனக்குக் கோபம் வரல. அதை நான் நல்ல மனசுன்னு நினைச்சேன். அது நல்ல மனசு இல்லியாம், சுரப்பியாம். என் பொண்ணு லெங்காவைக் கூட்டிக்கிட்டு உன் வீட்டுக்கு வந்தப்ப அவளுக்கு ஒன்பது வயசு. தூங்கறப்ப கதவைத் தாழ் போட்டு, நாற்காலியையும் முட்டுக் கொடுத்து வெப்பா. ஒரு வருஷம் ஆச்சு அவ அதை நிறுத்தறதுக்கு. இப்ப கதவை விரியத் திறந்து போட்டுட்டுத் தூங்கறா.

— தெரியும்.

— என்ன தெரியும்? உனக்கு எது எப்படித் தெரியுதுன்னே எனக்குத் தெரியல. மூணு வருஷமா நீ என்னைத் தொடல. நான் சண்டை போட்டேன், அழுதேன், வேற எவளாவது இருக்காளான்னு உன் சட்டைப்பை எல்லாம் துழாவினேன். அப்புறம் நானே ஒவ்வொரு டாக்டரா தேடித் தேடி அலைஞ்சேன். என் புருஷன் எனக்கு உயிரோட வேணும்னு அலைஞ்சேன். இன்னிக்குக் கிடைச்சுடுச்சு. சரியான மருந்து கிடைச்சுடுச்சு. இப்ப அதை வெளிய எடுக்காம பையை நெஞ்சோட இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன் பாரு.

— குளுருதா?

— குளுரல.

— டாக்டரம்மா வேற ஏதாச்சும் சொன்னாங்களா? நான் வெளிய ரத்தம் கொடுக்கப் போனப்போ.

— அடிக்கிறது ஹார்மோன்ல மட்டும் இல்லைன்னாங்க. எத்தனையோ பேருக்கு அது நிறைய இருக்கு, அவங்க யாரையும் அடிக்கிறதில்லைன்னாங்க. அப்ப வேற எதுல இருக்குன்னு கேட்டேன். அதை ரத்தத்துல பாக்க முடியாதுன்னாங்க. அப்ப எதுக்குக் கேட்டேன்னு எனக்கே தெரியாது. உன் அண்ணன் சொன்ன கதையை அப்ப நான் கேட்டிருக்கவே இல்ல. இருந்தும் என்னவோ கேக்கத் தோணுச்சு.

— மிதவை அந்தக் கரையில இருந்து கிளம்பிடுச்சு. பின்னாடி இன்னும் ரெண்டு வண்டி வந்துடுச்சு போல.

— நான் பேசிக்கிட்டு இருக்கேன் தீஹா.

— கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

— உன் அண்ணன் அழுதார். செத்த தம்பி திரும்பி வரப்போறான்னு அழுதார். அவருக்கு அந்த ஆளைத் தெரியும். எனக்குத் தெரியாது. நான் கல்யாணம் பண்ணிக்கிட்டது அந்த ஆளை இல்ல. நான் கல்யாணம் பண்ணிக்கிட்டது இந்த வியாதியை. இப்ப அதை என் கையாலேயே கரைச்சுடணும்.

— வேணாம்னா போட வேணாம்.

— போடலைன்னா கண்ணு போயிடும்.

— போகும். மெதுவாத்தான் போகும். வீட்டுக்குள்ள எனக்கு வழி தெரியும்.

— இந்தப் பெட்டியை இப்ப நான் ஆத்துல எறிஞ்சா என்ன சொல்வே?

— ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

— தெரியும். நீ ஒண்ணும் சொல்ல மாட்டே. அதனாலதான் என்னால எறிய முடியல. ஒரு வார்த்தை திட்டுறவனா இருந்தா எறிஞ்சிருப்பேன். உன்னைக் குருடனாக்கி உக்கார வெச்சு, அந்த நிம்மதியில நான் சோறு திங்க முடியாது. அது என் பழைய ஆளு பண்ணினதைவிடக் கேவலம். மீனைத் தின்னு முடிச்சியா?

— முடிச்சேன்.

— கையை நீட்டு. இந்தா, அரை மாத்திரை. இந்த வாரம் அரைதான் போடச் சொன்னாங்க. தண்ணி குடி.

— முழுங்கிட்டேன்.

— இப்ப நான் சொல்றதைக் கேட்டுக்கோ. எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு தீஹா. இந்த எட்டு வருஷத்துல உன்னைப் பிடிக்காத நாள் ஒண்ணுகூட இல்ல. ஆனா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நீ கை ஓங்கினே, அது லெங்கா மேலயோ என் மேலயோ படக்கூட வேணாம், அன்னிக்கே நாங்க கிளம்பிடுவோம். அழுதுக்கிட்டு வந்து கழுத்தைக் கட்டிக்கிட்டாலும் கதவு திறக்காது.

— சரி.

— சரியா? அவ்வளவுதானா உனக்கு?

— நீ சொன்னது சரின்னு படுது.

— உன் அண்ணன் கரையோரம் நின்னு கை காட்டறாரு. வந்துடுவார். அவர் கேட்டதை நானும் கேக்கணும்னு தோணுது தீஹா. அந்தப் பேரைப் பாத்ததுமே நாய்க்குக் கொடுக்கிறதுன்னே. எந்த நோவுக்குக் கொடுக்கிறதுன்னும் சொன்னே. உன் உடம்புல இது ஒண்ணுகூடவா உன் கண்ணுல படல? நாங்க ரெண்டு வருஷம் கிறுக்குப் பிடிச்ச மாதிரி சுத்தினோமே.

— பட்டுச்சு.

— என்ன பட்டுச்சு?

— மூணு வருஷம் முன்னாடி ஒரு நாள் காலையில சட்டை ஈரமா இருந்துச்சு. நெஞ்சுகிட்ட. பிதுக்கிப் பாத்தேன். வெள்ளையா வந்துச்சு. நாய்ல எத்தனை பாத்திருக்கேன். என்ன வியாதின்னு அன்னிக்கே தெரிஞ்சுடுச்சு. என்ன மருந்துன்னும் தெரியும்.

— மூணு வருஷமாவா? அந்தத் தூக்க மாத்திரையைத் தின்னப்பவும், ஊசியைப் போட்டுக்கிட்டப்பவும் தெரியுமா? நான் உன் எதிர்ல உக்காந்து அழுதப்பவும் தெரியுமா? ஏன் என்கிட்ட சொல்லல?

— சொல்லியிருந்தா நீ என்னைக் குணப்படுத்தியிருப்பே நெவேனா. குணமானவன்கூட நீ இருக்க மாட்டேன்னுதான் சொல்லல.